இரவல் மூச்சு

நான் அவரை முதன்முதலில் பார்த்தது ஒரு கோடாகத்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகுகிற நேரம். யாரோ எப்போதோ ஒரு குழாயில் வாய் வைத்து ஊதிய மூச்சு, என் கணினித் திரையில் கோடாக விரிந்து கிடந்தது. சடாரென்று ஏறி, உச்சியைத் தொட்டு, சரிந்து இறங்கி, இதோ முடிந்தது என்று நினைக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் எழும்பிவிட்டுத்தான் அடங்கியது. மற்றவர்களின் கோடுகள் கடைசியில் தரையோடு தரையாகப் படுத்துவிடும். மூச்சு தீர்ந்தால் மனிதர்கள் விட்டுவிடுவார்கள். இவர் மட்டும் தீர்ந்த பிறகும் எங்கிருந்தோ ஒரு பிடி தேடி எடுத்து வெளியே தள்ளியிருந்தார். யார் பெற்ற பிள்ளையோ, நல்ல பிடிவாதக்காரர் என்று சிரித்துக்கொண்டே அடுத்த கோட்டைத் திறந்தேன். அதிலும் அதே எழும்பல். அதற்கடுத்ததிலும் அதேதான். ஆனால் அவையெல்லாம் வேறு வேறு ஆட்களின் மூச்சு என்று மேலே இருந்த எண்கள் சொல்லின.

எனக்குச் சொந்த ஊர் பெரம்பலூர். ரயில் இல்லாத ஊரில் பிறந்தவர்களுக்கு வாழ்க்கையில் எல்லாமே பஸ் ஸ்டாண்டில்தான் ஆரம்பிக்கும். நானும் அப்படித்தான் திருச்சி பஸ்ஸில் ஏறிக் கணக்குப் படிக்கப் போய், பிறகு சென்னை பஸ்ஸில் ஏறி, கடைசியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வந்து விழுந்தேன். என் வேலை என்னவென்று அம்மாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. “மூச்சுக்குக் கணக்குப் போடுறாளாம்” என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருக்கிறாள். அதைவிடச் சரியாக என்னாலும் சொல்ல முடியாது. ஒவ்வொருவர் ஊதும் மூச்சுக்கும் ஒரு வடிவம் உண்டு, கையெழுத்தைப் போல. அந்த வடிவம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று கணக்கால் பின்தொடர்ந்து போனால், இருமலும் இளைப்பும் வெளியே தெரிவதற்கு முன்பே நுரையீரல் முணுமுணுப்பதைக் கேட்டுவிடலாம் என்பது எங்கள் கூட்டத்தின் ஆசை. தூசியில் வேலை செய்கிறவர்களுக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி அது. தலைமை தாங்கியவர் நுரையீரல் மருத்துவர், கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். நாங்கள் அவரை டாக்டரம்மா என்போம். கோபம் வந்தால் அமைதியாகிவிடுவார். அதனால் அவர் அமைதியாக இருக்கும்போதெல்லாம் நாங்கள் எங்கள் வேலையை இன்னொரு முறை சரிபார்ப்போம்.

அந்தக் கோடுகள் அரியலூரைச் சுற்றியுள்ள சிமென்ட் ஆலைகளுள் ஒன்றிலிருந்து வந்தவை. பெயர் இங்கே வேண்டாம். ஆண்டுதோறும் தொழிலாளர்களுக்கு நடந்த மூச்சுப் பரிசோதனையின் பழைய பதிவுகளை, ஆட்களின் பெயர்களை நீக்கிவிட்டு எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஊர்ப்பக்கத்து மூச்சு என்பதால் எனக்கு அதில் தனியான ஒரு பாசம். அரியலூர் மண்ணைத் தோண்டினால் சிப்பியும் சுருள்சுருளான சங்கும் கல்லாகக் கிடைக்கும். மனிதர்கள் பிறப்பதற்கெல்லாம் முன்பு அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் உயிர்கள் செத்து மண்டி இறுகியதுதான் சுண்ணாம்புக்கல். அதைத்தான் உடைத்து, அரைத்து, சூளையில் இட்டுச் சுட்டு, மறுபடியும் அரைத்து, மூட்டையில் பிடிக்கிறார்கள். மூட்டை பிடிக்கும் இடத்தில் நிற்கிறவர் ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் அந்தப் பழைய கடலில் ஒரு துளியை உள்ளே இழுக்கிறார் என்று எனக்குத் தோன்றும். திரையில் கோடுகள் அலையலையாக ஏறி இறங்குவதைப் பார்த்தால் அந்த எண்ணம் இன்னும் கூடும். டாக்டரம்மாவிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். “கடல் நல்லாத்தான் இருக்கும்மா, நுரையீரலுக்குள்ள போகாம இருந்தா” என்றார்.

ஒரே மாதிரி எழும்பிய கோடுகளை வைத்துக்கொண்டு நான் சில நாட்கள் அலைந்தேன். முதலில் கருவியின் கோளாறு என்று நினைத்தேன். கருவி கோளாறென்றால் எல்லோருடைய கோட்டிலும் அது தெரிய வேண்டும். இது மூட்டை ஏற்றும் பிரிவில், ஒரே குழுவைச் சேர்ந்த சிலரிடம் மட்டும் இருந்தது. பிறகு என் கணக்கில் தவறு என்று நினைத்துத் திரும்பப் போட்டேன். கணக்கு கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. இவை பல பேருடைய மூச்சு இல்லை, ஒருவருடைய மூச்சு என்றே திரும்பத் திரும்பச் சொன்னது.

எங்கள் பக்கத்து அறையில் குவாண்டம் இயற்பியல்காரர் ஒருவர் இருந்தார். அணுக்களை அநியாயத்துக்குக் குளிரவைத்து அவை என்ன செய்கின்றன என்று கவனிப்பது அவர் தொழில். கவனித்தால் அவை செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிடுகின்றன என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல். டீ குடிக்கும் இடத்தில் அவரிடம் என் சிக்கலைச் சொன்னேன். மனிதருக்கு ஒரே சந்தோஷம். “ஒரே ஆளு ஒரே நாள்ல இத்தனை உடம்புல இருக்கான்னா, அந்தக் கேசு எங்க டிபார்ட்மென்ட்டுக்கு வரணும்மா” என்றார். “ஆனா ஒண்ணு சொல்றேன். நேர்ல போய்ப் பார்த்துடாத. பார்த்தா எல்லாம் சுருங்கி ஒரே ஆளா ஆயிடும்.” நானும் சிரித்தேன். அன்று முழுக்க, ஒரு மனிதர் பல சட்டைகளுக்குள் ஒரே நேரத்தில் நின்று மூச்சு விடுவது போல ஒரு காட்சி என் மனதில் மிதந்துகொண்டே இருந்தது.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோடுகளை ஆண்டுவாரியாக அடுக்கச் சொன்னார். அடுக்கினேன். எல்லாக் கோடுகளும் ஒன்றுபோலவே ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டு வந்திருந்தன. அந்தக் குழுவில் எல்லோருக்கும் பாதிப்பு இருக்கிறது என்று இதை வைத்து ஒரு கட்டுரையே எழுதியிருக்கலாம். அவர் அப்படிப் பார்க்கவில்லை. முதல் ஆண்டுக் கோட்டையும் கடைசி ஆண்டுக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “யாரோ ஒருத்தர் மத்தவங்களுக்காக ஊதறார். அது போகட்டும். அந்த ஒருத்தரோட மூச்சு வருஷா வருஷம் தேய்ஞ்சுகிட்டே வருது. அது அவருக்குத் தெரியுமா?” என்றார். அதன் பிறகு எனக்கும் அது புதிராகத் தெரியவில்லை. எங்கேயோ ஒரு மனிதர் தேய்ந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அவரைத் தேடி, ஆலை இருக்கும் ஊரில் நாங்கள் முகாம் போட்டது ஒரு கல்யாண மண்டபத்தில். பெரம்பலூரில் அம்மா கையால் இட்லி தின்றுவிட்டு, அரியலூர் பஸ்ஸில் ஏறிப் போய் இறங்கினேன். வேப்பமர இலைகூடச் சாம்பல் பூத்துக் கிடக்கிற ஊர். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ஆட்கள் குளித்து, தலை வாரி, சோப்பு வாசனையோடு வந்திருந்தார்கள். நாங்கள் கொண்டுபோன புதிய கருவியில் ஊதக்கூடத் தேவையில்லை. சும்மா உட்கார்ந்து மூச்சு விட்டால் போதும், அது மெல்லிய காற்றலைகளை உள்ளே அனுப்பி நுரையீரலின் இறுக்கத்தைக் கண்டுகொள்ளும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய முறைப்படி ஊதவும் சொன்னோம். முடிவுகள் அவரவருக்கு மட்டும்தான், ஆலைக்கோ கான்ட்ராக்டருக்கோ போகாது என்று டாக்டரம்மா மைக் பிடித்துச் சொன்னார். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

ஊதும் இடத்தில் இளநிலை டெக்னீஷியன் ஒருவர் பெயர் எழுதிய சீட்டைப் பார்த்து ஆட்களை உட்காரவைத்தார். நான் சற்றுத் தள்ளி இன்னொரு திரைக்கு முன்னால் இருந்தேன். ஆட்கள் வந்தார்கள், ஊதினார்கள், போனார்கள். நான் முகங்களைப் பார்க்கவில்லை. கோடுகளைத்தான் பார்த்தேன். திடீரென்று ஒரு கோடு ஏறியது, இறங்கியது, முடியப்போகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் எழும்பியது. எனக்கு நாற்காலியை விட்டு எழுந்து வணக்கம் சொல்லத் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். குட்டையான, அகன்ற மார்புள்ள மனிதர். அடர்ந்த மீசை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூச்சு வாங்குவதைச் சிரித்து மறைத்துக்கொண்டு டெக்னீஷியனைத் தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தார், வேறு சீட்டோடு. சட்டையை மாற்றியிருந்தார், துண்டைத் தலையில் கட்டியிருந்தார். மூச்சை மாற்ற முடியவில்லை. அது போன தடவையைப் போலவேதான் எழும்பியது.

நான் அவர் பின்னாலேயே போனேன். மண்டபத்தின் பின்பக்கம், சமையல்கட்டுக்கு வெளியே, கவிழ்த்துப் போட்டிருந்த அண்டா ஒன்றின் மேல் உட்கார்ந்து இளைத்துக்கொண்டிருந்தார். நெட்டையான ஓர் ஆள் பக்கத்தில் நின்று துண்டால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

“இன்னும் எத்தனை பேருக்கு ஊதணும்ணே?” என்று கேட்டேன்.

மறுக்கவே இல்லை மனிதர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க யாருங்க?”

“பெரம்பலூருண்ணே. இந்த மிஷினுக்குக் கணக்குப் பாக்குறவ.”

“கணக்கு டீச்சருங்களா? கோவிச்சுக்காதீங்க டீச்சர். இன்னும் நாலஞ்சு பேருதான் இருக்கானுவ. எல்லாம் புள்ளகுட்டிக்காரனுவ” என்றார், ஏதோ பந்தியில் இன்னும் நாலைந்து இலை போட்டால் போதும் என்கிற மாதிரி.

அவர் மூட்டை ஏற்றும் குழுவின் மேஸ்திரி. நெட்டை ஆள் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. “எம்மேலதாங்க தப்பு” என்று அந்த மச்சான் அழாத குறையாக ஆரம்பித்தார். அவர் வேலையில் சேர்ந்த புதிதில், பரிசோதனை வந்த நாளில் நெஞ்சு கட்டிக்கொண்டு காய்ச்சலாகக் கிடந்தாராம். மூச்சு குறைந்தவர்களை அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள் என்று ஒரு பேச்சு. அப்படி விதி எதுவும் எழுதியிருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் சரியாக ஊதாமல் போன சிலர் மறு வருடம் வேலையில் இல்லை, அதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மேஸ்திரி மச்சானின் சீட்டை வாங்கிக்கொண்டு தானே போய் ஊதிவிட்டார். சோதிக்க வருகிறவர்கள் வருடா வருடம் வேறு வேறு ஆட்கள். ஷிப்ட் முடிந்து அப்படியே வருகிறவர்கள் தலைமுடி முதல் புருவம் வரை ஒரே சாம்பல் நிறம். யாருக்கு யாரைத் தெரியும்? அதன் பிறகு இருமல் வந்தவர்கள், பயந்தவர்கள், போன தடவை சரியாக ஊதவில்லையோ என்று சந்தேகம் வந்தவர்கள் எல்லோரும் மேஸ்திரியைத் தேடி வந்தார்கள்.

அவருக்கு இதில் ஏமாற்று இருப்பதாகவே படவில்லை. திருமழபாடிக்காரர் அவர். கொள்ளிடத்து மணலில் கபடி ஆடி வளர்ந்தவர். சுற்றுவட்டாரத்தில் அவர் மூச்சுக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. “ஏழு பேரு நின்னாலும் பாடிப்போறவன் ஒருத்தன்தானுங்களே டீச்சர்” என்றார். “அவன் தொட்டுட்டு வந்தான்னா, அவுட்டாகி வெளில குந்தியிருக்கிறவன் உள்ள வருவான். அவன் மூச்சுலதான் மத்தவன் ஆட்டத்துல நிக்கிறான். இதுவும் அதுமாரிதானே?” அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. மேஸ்திரி என்பவர் குழுவுக்கு முன்னால் நின்று பாடிப்போகிறவர், பரிசோதனை என்பது எதிர் அணி, மூச்சு விடாமல் கோட்டைத் தாண்டித் திரும்பிவிட்டால் எல்லோரும் பிழைத்தார்கள். இவ்வளவு தெளிவாக யோசித்துச் செய்யப்பட்ட ஒரு தவறை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

“உங்களுக்கு எப்பண்ணே ஊதுவீங்க?” என்றேன்.

“நமக்கென்னங்க, கடைசியாத்தான். பந்தி முடிஞ்சு பரிமாறுனவன் குந்துற மாரி.” தன் பெயரில் ஊதும்போது மூச்சு குறைவாகத்தான் வரும், கான்ட்ராக்டர் முணுமுணுப்பார், மேஸ்திரி என்பதால் விட்டுவிடுவார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். “எல்லாருக்கும் குடுத்தது போக மிச்சம் அம்புட்டுதானுங்களே இருக்கும்.” மாடிப்படி ஏறினால் இளைக்கிறது, மணலில் நாலடி ஓட முடியவில்லை, சாப்பிடும்போதே மேல்மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் மச்சான் இடையில் புகுந்து சொன்னவை. மேஸ்திரி கையை வீசி அதை ஒதுக்கினார். ஊதி ஊதிக் களைத்த மூச்சு, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்பது அவருடைய தீர்மானம். இத்தனை வருடமும் அவர் தன் இளைப்பைத் தான் கொடுத்த இரவலின் கணக்கில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது.

உள்ளே கூட்டிப் போய் என் திரையின் முன்னால் உட்காரவைத்தேன். ஒவ்வொரு ஆண்டிலிருந்தும் ஒரு கோடாக எடுத்து வரிசையாகக் காட்டினேன். அவருடைய மூச்சை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முகம் மலர்ந்துபோயிற்று. விரலால் திரையைத் தொட்டு உச்சியிலிருந்து கீழே வரை தடவினார். “இதெல்லாம் எம்மூச்சா? பரவால்லயே, மல மாரி நிக்கிதே!” என்று மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கண்ணை ஓட்டினார். முதல் மலையைவிட அடுத்தது சின்னது, அதைவிட அடுத்தது. கடைசியில் அன்று காலை ஊதியது, ஒரு மேடு அளவுக்குத்தான் இருந்தது.

“இது நான் கடைசியா ஊதுனதுங்களா?”

“இல்லண்ணே. எல்லாமே அந்தந்த வருசம் நீங்க மொதமொதல்ல ஊதுனது. நாலு பேருக்குக் குடுத்துக் களைக்கிறதுக்கு முந்தி.”

கருவி ஒவ்வொரு ஊதலுக்கும் நேரத்தைக் குறித்துவைத்திருந்ததைச் சொன்னேன். நாளின் முதல் ஊதல் எப்போதும் தனக்குத்தான் என்று மச்சான் சொன்னார். களைப்பில்லாத, புதிதான, முழு மூச்சு. அதுதான் இப்படி இறங்கி வந்திருந்தது. மேஸ்திரி திரையிலிருந்து கையை எடுத்துவிட்டார். மண்டபத்தில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அகன்ற மார்பிலிருந்து வருகிற குரல் மாதிரியே இல்லாத ஒரு குரலில் கேட்டார்: “அப்ப நான் குடுத்ததுனால கொறயலீங்களா?”

“குடுத்தா மூச்சு கொறயாதுண்ணே. திரும்பி வந்துரும். இது தூசி.”

அந்த நேரத்தில் அவரிடம் ஏதோ ஒன்று கழன்று விழுந்ததைப் பார்த்தேன். நோய் வந்துவிட்டது என்ற துக்கம் மட்டும் இல்லை அது. எல்லோருக்கும் கொடுத்துத்தான் தேய்ந்தேன் என்று நம்பியிருந்த மனிதரிடம், நீங்கள் சும்மா நின்றிருந்தாலும் தேய்ந்துதான் இருப்பீர்கள் என்று நான் சொல்லிவிட்டேன். கணக்கில் சரியாக இருப்பது எவ்வளவு கொடுமையான காரியம் என்று அன்று எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. கணக்கு டீச்சர் அழக்கூடாது என்று திரையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

டாக்டரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒளிவு மறைவு இல்லாமல் பேசினார். போனது திரும்பாது. தூசியை விட்டு விலகி, இன்ஹேலர் மருந்தை இழுத்துக்கொண்டு வந்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். இன்னும் கொஞ்ச காலம் அதே இடத்தில் நின்றால் படுத்துக்கொண்டு மூச்சு விடவும் ஆள் துணை வேண்டியிருக்கும். மறுநாள் காலையில், களைப்பே இல்லாமல், அவர் பெயரிலேயே முதல் ஆளாக ஊதிப் பார்க்க வேண்டும் என்றார். மேஸ்திரி வேட்டியின் ஓரத்தைத் திருகிக்கொண்டே கேட்டார். “எம் பசங்க மூச்சு எப்பிடி இருக்குன்னு யாருக்குமே தெரியாதுல்லங்க?” அதுதான் உண்மை. அத்தனை வருடப் பதிவிலும் அந்தக் குழுவில் பாதிப் பேருடைய சொந்த மூச்சு ஒன்றுகூட இல்லை. “அவனுவளுக்கும் பாத்துருங்க. நான் கூட்டியாறேன்” என்றார்.

எங்கள் மைக்கை நம்பாதவர்கள் அவரை நம்பினார்கள். மறுநாள் காலையில் ஷிப்டுக்குப் போகும் முன்பும், முடித்துவிட்டும் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். முதலில் மேஸ்திரிதான் உட்கார்ந்தார். தன் பெயர் போட்ட சீட்டை நீட்டும்போது டெக்னீஷியன் அவரை ஒரு பார்வை பார்த்தார், இவரும் அசடு வழியச் சிரித்தார். ஊதினார். திரை காட்டியது நாங்கள் பயந்ததுதான். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வந்த பிள்ளைகளைப் போல, குழாயை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாமல் வந்து உட்கார்ந்தார்கள். சிலருக்குப் பாதிப்பு தொடங்கியிருந்தது. நேரத்தோடு கண்டுபிடித்தது நல்லது என்று டாக்டரம்மா அவர்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். பலருக்கு ஒன்றுமில்லை. மச்சானுக்கு ஒன்றுமே இல்லை. புதிய கருவியிலும் சரி, பழைய ஊதலிலும் சரி, கணீரென்று மணியடித்த மாதிரி சுத்தமான மூச்சு. வேலையில் சேர்ந்த வருடம் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பயந்து, அந்த மூச்சை அவர் அத்தனை வருடமும் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார். அதை அவரிடம் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. மூலையில் இருந்த மேஸ்திரியைத்தான் திரும்பிப் பார்த்தார்.

பிறகு எழுந்து நேராக டாக்டரம்மாவிடம் போனார். “எம்மூச்சு நல்லாருக்குன்னீங்கல்ல? அத எங்க மாமா பேருல எழுதிக்குங்க” என்றார். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. “இத்தினி வருசமா அவரு எங்களுக்கு ஊதுனாரு. இந்த ஒரு வாட்டி நான் அவருக்கு ஊதிடறேன். அவர வேலய வுட்டு எடுத்துராதீங்க.” அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். நல்ல மூச்சு உள்ளவர்கள் என்று சற்று முன்புதான் தங்களைப் பற்றித் தெரிந்துகொண்டவர்கள், ஆளாளுக்குத் தங்கள் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். யாரும் கூப்பிட்டுச் சேர்ந்த வரிசை இல்லை அது. மேஸ்திரி மூலையில் உட்கார்ந்தபடி, “டேய் போங்கடா, வேலையப் பாருங்கடா” என்று அதட்டப் பார்த்தார். பாதியிலேயே இருமல் வந்துவிட்டது.

டாக்டரம்மா அமைதியாகிவிட்டார். எங்களுக்குத் தெரிந்த அமைதி இல்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். “எழுதிடலாம்ப்பா. எனக்கு ஒரு நிமிஷ வேலை” என்றார். “எழுதினா நாளைக்குக் காலையில அவரு மறுபடியும் அதே தூசியிலதான் போய் நிப்பாரு. சொல்லுங்க, எழுதட்டுமா?” வரிசை உடனே கலையவில்லை. பிறகு மச்சான் முதலில் தன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்தது ஒன்றும் அழகாக இல்லை. மேஸ்திரி தன் முடிவைத் தானே கான்ட்ராக்டரிடம் காட்டித் தூசியில்லாத வேலை கேட்டபோது, முதலில் அவரை வேலையை விட்டு நிறுத்தத்தான் செய்தார்கள். டாக்டரம்மா கடிதம் எழுதினார், போன் செய்தார், நேரில் போய் உட்கார்ந்தார். குழுவில் ஒருவரும் வேலைக்குப் போகாததால் லாரிகள் ஒரு முழுப் பகலும் காத்து நின்றன என்று கேள்விப்பட்டேன். கடைசியில், கல் வெட்டி எடுத்த குழிகளின் ஓரத்தில் மரக்கன்று வளர்க்கிற நர்சரியில் அவருக்குத் தண்ணீர் விடும் வேலை கொடுத்தார்கள். எங்கள் ஆராய்ச்சியில் அந்தக் குழுவின் பழைய பதிவுகள் எதுவும் செல்லாது என்று ஒதுக்கிவிட்டோம். கணக்கின் மொழியில் அவை பிழையான தரவு. ஒதுக்கும் பொத்தானை அழுத்தியவள் நான்தான். யார் மூச்சு யாருடையது என்று தெரியாத அந்தக் கோடுகளைப் போல ஒழுங்கான ஒன்றை நான் அதன் பிறகும் பார்த்ததில்லை. பக்கத்து அறைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பார்த்தால் ஒரே ஆளாகிவிடும் என்று அவர் சொன்னது பலித்தது, ஆனால் அந்த ஒரே ஆளைத் தேடி எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் என்பதற்கு அவருடைய இயற்பியலிலும் பதில் இல்லை. அவர் டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கிண்டல் எதுவும் செய்யவில்லை.

இந்தப் பங்குனியில், திருவிழா சமயத்தில், திருமழபாடிக்குப் போயிருந்தேன். கொள்ளிடம் வற்றி மணலாகக் கிடந்தது. வெயில் தாழ்ந்த பிறகு மணலில் கோடு கிழித்துக் கபடி நடந்தது. ஒரு காலத்தில் மூச்சு விடாமல் இந்த மணலைக் கலக்கிய மனிதர், இப்போது நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார், மீசை வெளுத்திருந்தது. ஆனால் டாக்டரம்மா சொன்ன மாதிரி, இருந்ததைக் காப்பாற்றியிருந்தார். என்னைக் கண்டதும், “வாங்க டீச்சர், குந்துங்க” என்று பக்கத்து நாற்காலியைத் தட்டினார். அவ்வளவு பேசியதற்கே நெஞ்சு ஏறி இறங்கியது. அவர்தான் நடுவர். ஊரில் அந்த இடத்துக்கு வேறு யாரையும் உட்காரவைக்க மாட்டார்களாம். நடுவருக்குக் கண் இருந்தால் போதாது, விசில் ஊத வேண்டும். அவரால் ஊத முடியாது.

ஆட்டம் சூடுபிடித்திருந்தது. ஒருவன் பாடிப்போனான், கூட்டம் கத்தியது, மணல் பறந்தது. மேஸ்திரி கையைத் தூக்கினார். விசில் சத்தம் நீளமாக, கணீரென்று கிளம்பி ஆற்றின் அக்கரை வரை போயிற்று. நாற்காலிக்குப் பின்னால் விசிலை வாயில் வைத்துக்கொண்டு மச்சான் நின்றிருந்தார். எதிரில் அத்தனை பெரிய ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. மேஸ்திரியின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கை எழுந்தபோதெல்லாம் ஊதினார்.